லிவர்பூலின் போர்க்காலப் பிள்ளைகளும் கட்டாய ராணுவப் பணியில் லாரி ஓட்டிய இளைஞர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் முதியோர் இல்லங்களிலும் வீட்டுப் பராமரிப்பிலும் இன்று தமிழர்கள் பலர் வேலை செய்கிறார்கள். லிவர்பூல் பகுதியில் அதே வேலையில் இருக்கும் நான், தொண்ணூறு வயதைத் தாண்டிய ஆண்களைப் பற்றி உடன் பணிபுரிபவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளையும், படித்தும் கேட்டும் நான் அறிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். தனி ஒருவருடைய கதையை இதில் சொல்லவில்லை. ஒரு தலைமுறைக்குப் பொதுவாக நேர்ந்ததையே சொல்லியிருக்கிறேன்.

இவர்கள் இரண்டாம் உலகப் போரில் சண்டையிட்டவர்களா?

இல்லை. போரில் சண்டையிட்டவர்களில் இன்று உயிருடன் இருப்பவர்கள் மிகச் சிலரே. அவர்களுக்கு நூறு வயதை ஒட்டி இருக்கும். நாம் பராமரிக்கும் இவர்கள் பெரும்பாலும் 1930களின் முற்பாதியில் பிறந்தவர்கள். 1934இல் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். 1939 செப்டம்பர் 3 அன்று போர் அறிவிக்கப்பட்டபோது அவருக்கு ஐந்து வயது. ஊர் எரிந்தபோது ஆறு, ஏழு. 1945 மே 8 அன்று ஐரோப்பாவில் போர் முடிந்தபோது பதினொன்று. பதினைந்தில் பள்ளியை விட்டு வேலைக்குப் போய், பதினெட்டில் அரசின் கடிதம் வந்ததும் சீருடை அணிந்தார்.

அப்பாவும் அண்ணனும் சண்டைக்குப் போன வீட்டில், தான் "ஒன்றும் செய்யவில்லை" என்ற எண்ணம் இவர்களிடம் ஆழமாகப் பதிந்துவிட்டது. "எங்களிடம் சொல்ல என்ன இருக்கிறது" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். இதை நான் ஒப்புக்கொள்வதில்லை. பிள்ளைப் பருவத்தையும் இளமையின் இரண்டு ஆண்டுகளையும் அரசுக்குக் கொடுத்தவர்களிடம் சொல்வதற்கு நிறையவே இருக்கிறது; போரைப் பற்றிப் பொதுவாகக் கேட்டால் அது வெளியே வராது, அவ்வளவுதான்.

குண்டுவீச்சு என்றால் லண்டன்தானே நினைவுக்கு வருகிறது. லிவர்பூலில் அப்படி என்ன இருந்தது?

துறைமுகம் இருந்தது. மெர்ஸி ஆற்றின் கரையில் ஏழு மைல் நீளத்துக்குக் கப்பல் துறைகள் வரிசையாக நின்றன. அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த கோதுமை, இறைச்சி, பெட்ரோல், போர்த் தளவாடங்கள் ஆகியவற்றில் பெரும்பங்கு அங்கேதான் இறங்கியது. அட்லாண்டிக் கடலில் கப்பல் அணிகளைப் பாதுகாக்கும் கடற்படைத் தலைமையகமும் 1941 பிப்ரவரியில் லிவர்பூலின் டெர்பி ஹவுஸ் கட்டடத்தின் நிலவறைக்கு வந்து சேர்ந்தது.

லண்டன் மீது 1940 செப்டம்பர் 7 முதல் 57 இரவுகள் தொடர்ந்து குண்டு விழுந்ததை உலகமே அறியும். லிவர்பூலின் சேதத்தைப் பற்றி எழுதிய செய்தித்தாள்களோ தணிக்கை காரணமாக ஊரின் பெயரைச் சொல்லாமல் வடமேற்கின் ஒரு நகரம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டன. தங்கள் ஊர் பட்டதை நாடு அறியவில்லை என்ற மனக்குறை இந்த முதியவர்களிடம் இன்றும் உண்டு, அது நியாயமானதும்கூட.

1940 நவம்பர் 28 இரவு, எட்ஜ் ஹில் பகுதியில் டர்னிங் சாலையில் இருந்த ஒரு பயிற்சிக் கல்லூரியின் அடித்தளத்தில் சுமார் 300 பேர் பாதுகாப்புக்காகக் கூடியிருந்தார்கள். பாராசூட்டில் இறங்கிய கண்ணிவெடி ஒன்று கட்டடத்தைச் சரித்தது. அடித்தளத்திலிருந்த கொதிகலன் உடைந்து வெந்நீர் உள்ளே பாய்ந்தது, எரிவாயுவும் கசிந்து தீப்பற்றியது. 166 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்திலும் கடும் தாக்குதல் நடந்தது. எல்லாவற்றையும் மிஞ்சியது 1941 மே 1 முதல் 7 வரையிலான வாரம். அந்த ஏழு இரவுகளில் மட்டும் மெர்ஸிசைட் பகுதியில் சுமார் 1,700 பேர் மாண்டார்கள். மே 3 இரவு ஹஸ்கிசன் துறையில் நின்றிருந்த மாலகண்ட் என்ற கப்பல் தீப்பிடித்தது. அதில் சுமார் ஆயிரம் டன் வெடிபொருள் ஏற்றப்பட்டிருந்தது. அது வெடித்தபோது கப்பலின் இரும்புத் தகடுகள் ஒரு மைலுக்கும் அப்பால் போய் விழுந்தன. நகரின் நடுவே கூரையில்லாமல் நிற்கும் புனித லூக்கா தேவாலயம் அந்த வாரத்தில் எரிந்ததுதான். அதைப் பழுதுபார்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளைக் கிராமங்களுக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்கிறார்களே. பிறகு எப்படி இவர்கள் குண்டுவீச்சில் சிக்கினார்கள்?

அனுப்பியது உண்மை. போர் அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்பே, 1939 செப்டம்பர் 1 அன்று, நாடு முழுவதும் நகரப் பிள்ளைகளை ரயிலேற்றும் பணி தொடங்கியது. சில நாட்களில் சுமார் 15 லட்சம் பேர் இடம் மாறினார்கள். லிவர்பூல் பிள்ளைகள் வடக்கு வேல்ஸ், செஷயர், ஷ்ராப்ஷயர் பக்கம் போனார்கள். கழுத்தில் பெயர்ச் சீட்டு, தோளில் விஷவாயு முகமூடிப் பெட்டி, கையில் ஒரு சிறு மூட்டை. வேல்ஸில் பல வீடுகளில் வெல்ஷ் மொழிதான் பேசினார்கள். ஆங்கிலம் மட்டுமே அறிந்த துறைமுகத்துப் பிள்ளைக்கு அது அயல்நாடாகவே இருந்திருக்கும்.

ஆனால் அந்த இலையுதிர்காலத்தில் குண்டு எதுவும் விழவில்லை. பிள்ளையைப் பிரிந்திருக்க முடியாத தாய்மார்கள் கிறிஸ்துமஸுக்குள் ஒவ்வொருவராகப் போய் அழைத்து வந்துவிட்டார்கள். நகரத்துப் பள்ளிகள் பல மூடிக்கிடந்ததால், மாதக்கணக்கில் படிப்பில்லாமல் தெருவில் திரிந்த பிள்ளைகள் ஏராளம். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் விமானங்கள் வந்தபோது அவர்கள் ஊரில்தான் இருந்தார்கள். எழுதப் படிக்கத் தடுமாறும் முதியவரைக் கண்டால் இதை நினைவில் கொள்ளுங்கள். அவருடைய பள்ளிக்காலம் துண்டு துண்டாகச் சிதறிய ஒன்று.

இரவில் சைரன் ஒலித்தால் எங்கே போனார்கள்?

தோட்டம் இருந்த வீட்டுக்கு ஆண்டர்சன் பதுங்குகுழி. வளைந்த நெளிதகடுகளை போல்ட் போட்டு இணைத்து, நான்கு அடி ஆழத்தில் இறக்கி, மேலே பதினைந்து அங்குலத்துக்கு மண் போட்டு மூடுவார்கள். உள்ளே ஆறரை அடி நீளம், நான்கரை அடி அகலம். அதற்குள் ஆறு பேர். ஆண்டுக்கு 250 பவுண்டுக்குக் குறைவாகச் சம்பாதித்தவர்களுக்கு இலவசமாகத் தந்தார்கள். மழைக்காலத்தில் தரையில் தண்ணீர் ஊறி நிற்கும், இயற்கை உபாதைக்கு மூலையில் ஒரு வாளி. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பங்கருக்குள் இரவுகளைக் கழித்து வளர்ந்த நம்மவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

துறைமுகத்தை ஒட்டிய தெருக்களிலோ தோட்டமே கிடையாது. கல் பாவிய சிறு முற்றம்தான். அங்கே தெரு நடுவில் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையுமாகப் பொதுக் காப்பிடங்களைக் கட்டினார்கள். சிமெண்ட் கலக்காத சுண்ணாம்புச் சாந்தில் கட்டப்பட்ட சில, அதிர்ச்சியில் சுவர் விலகி, கூரை அப்படியே உள்ளே இருந்தவர்கள்மேல் இறங்கியது. அதனால் பல குடும்பங்கள் அவற்றை நம்பாமல் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கிக்கொண்டன. சிலர் வயதான காலத்திலும் கதவை முழுதாகச் சாத்த விடுவதில்லை, விளக்கை அணைக்க விடுவதில்லை. அது ஏன் என்று அவர்களால் சொல்ல முடியாமல் போகலாம். கதவைச் சிறிது திறந்து வைப்பதில் நமக்கு எந்தச் சிரமமும் இல்லை.

தட்டில் ஒரு பருக்கையைக்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறார்கள். இது ரேஷன் பழக்கமா?

பெரும்பாலும் ஆம். 1940 ஜனவரி 8 அன்று பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை என்று தொடங்கிய ரேஷன், இறைச்சிக் கட்டுப்பாடு நீங்கிய 1954 ஜூலை 4 வரை நீடித்தது. 1934இல் பிறந்தவருக்கு ஐந்து வயதில் தொடங்கி இருபது வயதில் முடிந்தது என்று கணக்கிட்டுப் பாருங்கள். பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு அவுன்ஸ் வெண்ணெய், இரண்டு அவுன்ஸ் தேயிலை, கிடைத்தால் ஒரு முட்டை. இரண்டு அவுன்ஸ் என்பது நம் கணக்கில் 57 கிராம். போர் முடிந்தபின் நிலைமை மேலும் இறுகி, போரின்போதுகூடக் கட்டுப்பாடில்லாமல் கிடைத்த ரொட்டிக்கு 1946 முதல் 1948 வரை கூப்பன் கேட்டார்கள். மிட்டாய் ரேஷன் 1953 பிப்ரவரியில்தான் நீங்கியது. அப்போது இவர்கள் மிட்டாய் வயதைக் கடந்து ராணுவ முகாமில் இருந்தார்கள். வாழைப்பழம் 1940இன் இறுதியில் மறைந்து, போர் முடிந்த பிறகே மீண்டும் கப்பலேறி வந்தது.

விஷவாயுத் தாக்குதல் நடந்ததா?

நடக்கவில்லை. ஆனால் பயம் உண்மையானது. போர் தொடங்கும் முன்பே 3 கோடியே 80 லட்சம் முகமூடிகளை வழங்கியிருந்தார்கள். சிறு பிள்ளைகள் பயப்படாமல் அணிய வேண்டும் என்று சிவப்பும் நீலமுமாக ஒரு வகையைச் செய்தார்கள். முகத்தோடு ஒட்டிய அந்த ரப்பரின் நாற்றத்தை மறக்காதவர்களுக்கு ஆக்சிஜன் முகமூடி அணிவிப்பது எளிதல்ல. அணிவிக்கும் முன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கட்டாய ராணுவப் பணி என்பது என்ன? எல்லோரும் போக வேண்டியிருந்ததா?

போர் முடிந்தும் பிரிட்டன் படைகளைக் கலைத்துவிடவில்லை. ஜெர்மனி, சூயஸ், மலாயா, ஹாங்காங் என்று உலகெங்கும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். 1949 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி உடல்தகுதியுள்ள இளைஞர்கள் 18 மாதம் பணியாற்ற வேண்டும். கொரியப் போர் மூண்டதும் 1950இல் அதை இரண்டு ஆண்டுகளாக்கினார்கள். 1945 முதல் 1963 வரை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படிச் சேர்க்கப்பட்டார்கள்; பெரும்பான்மையோர் தரைப்படைக்கே போனார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, வணிகக் கப்பல் மாலுமி, விவசாயத் தொழிலாளி ஆகியோருக்கு விலக்கு இருந்தது. வட அயர்லாந்தில் சட்டமே செல்லாது. தொழிற்பயிற்சியில் இருந்தவர்கள் அதை முடித்துவிட்டுப் போகலாம். கொள்கை அடிப்படையில் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் தீர்ப்பாயத்தின் முன் நிற்க வேண்டும்.

பதினெட்டு வயதில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு, பிறகு மருத்துவப் பரிசோதனை, பிறகு பழுப்பு நிற உறையில் கடிதம். அதனுள் ரயில் பயணச் சீட்டும் நான்கு ஷில்லிங்குக்கு ஓர் அஞ்சல் ஆணையும் இருக்கும். பயிற்சி முகாமில் போய்ச் சேர வேண்டிய நாள் வழக்கமாக ஒரு வியாழக்கிழமை. சம்பளம் வாரத்துக்கு 28 ஷில்லிங், அதாவது ஒன்றரைப் பவுண்டுக்கும் குறைவு. வெளியில் வயது வந்த ஆண் தொழிலாளி அப்போது சராசரியாக வாரம் ஏழு பவுண்டுக்கு மேல் வாங்கினார். மகனுடைய கூலியை நம்பியிருந்த துறைமுகக் குடும்பங்களுக்கு இந்த இரண்டு ஆண்டுகள் பெரிய இடி.

இவர்களில் இவ்வளவு பேர் ஓட்டுநர்களாக இருந்தது எப்படி?

ராணுவத்தில் சுடுபவர் ஒருவர் என்றால் அவருக்கு உணவும் எரிபொருளும் கொண்டு சேர்ப்பவர்கள் பலர். அந்த வேலையைச் செய்த பிரிவு ராயல் ஆர்மி சர்வீஸ் கோர். அதன் தாய்வீடு லண்டனுக்குத் தென்மேற்கே உள்ள ஆல்டர்ஷாட். அந்தப் பிரிவில் சாதாரணச் சிப்பாயின் பதவிப் பெயரே "டிரைவர்"தான். அதனால் பெயருக்கு முன் டிரைவர் என்று போட்டிருக்கும் பழைய ஆவணத்தைப் பார்த்தால், அவர் அன்றாடம் லாரிதான் ஓட்டினார் என்று உடனே முடிவு செய்துவிட வேண்டாம். 1965இல் அந்தப் பிரிவு ராயல் கோர் ஆஃப் டிரான்ஸ்போர்ட் என மாறியது.

1951இல் பிரிட்டனில் ஏறத்தாழ ஏழு வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் கார் இருந்தது. துறைமுகத்துப் பையன் குதிரை வண்டியில் சரக்கு ஏற்றியிருப்பானே தவிர ஸ்டியரிங்கைத் தொட்டிருக்க வாய்ப்பில்லை. அவனைச் சில வாரங்களில் மூன்று டன் லாரி ஓட்ட வைத்தார்கள்.

அந்த லாரிகளை ஓட்டுவது அவ்வளவு கடினமா?

இன்றைய வண்டியோடு ஒப்பிட்டால் மிகவும் கடினம். பெட்ஃபோர்ட் கியூ.எல். என்ற லாரியைச் சொல்கிறேன். போர்க்காலத்தில் 1941 முதல் தயாரான இது 1950களிலும் ஓடியது. நான்கு சக்கரங்களும் இழுக்கும், பெட்ரோல் எஞ்சின், 72 குதிரைத்திறன். எஞ்சின் ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே இருப்பதால் கோடையில் கேபின் தகிக்கும்.

கியர் மாற்றுவதில்தான் முழுத் திறமையும் இருந்தது. கீழ் கியருக்கு வர வேண்டுமானால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரு அழுத்து அழுத்தி எஞ்சின் வேகத்தைக் கூட்டி, மீண்டும் கிளட்சை மிதித்துக் கீழ் கியரைப் போட வேண்டும். நம் ஊர்ப் பழைய லாரி ஓட்டுநர்கள் டபுள் கிளட்ச் என்று சொல்வது இதைத்தான். எஞ்சினின் சுழற்சியும் கியர் பற்சக்கரத்தின் சுழற்சியும் ஒத்துப்போகாவிட்டால் "கர்ர்" என்று பல்லைக் கடிக்கும் சத்தம் வரும், கியர் விழாது. மலைச்சரிவில் இறங்கும்போது அது விழாமல் நியூட்ரலிலேயே நின்றுவிட்டால், பாரம் ஏற்றிய வண்டியைத் தடுக்க பிரேக் ஒன்றுதான் மிச்சம். எனவே இதைக் காதால் கற்றார்கள். நாற்காலியில் அமர்ந்தபடி, பேச்சு நின்றுபோன முதியவரின் இடது கால் இரண்டு முறை தரையை அழுத்துவதைக் கண்டால், அதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஓட்டுநரின் அன்றாட வேலை என்ன?

ஓட்டுவதைவிடப் பார்த்துக்கொள்வது அதிகம். காலையில் வண்டியை எடுக்கும் முன் ஒரு பரிசோதனை, வழியில் நிற்கும்போது ஒன்று, நிறுத்திய பின் ஒன்று. எண்ணெய், தண்ணீர், டயர் காற்று, சக்கர நட்டுகள், பேட்டரி என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கையெழுத்திட்ட வேலைச் சீட்டு இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. நிறுத்திவிட்டு நகர்ந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து ரோட்டாரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்தளிக்கும் அந்தச் சிறு துண்டு இல்லாமல் யாராலும் வண்டியைக் கிளப்ப முடியாது. உறைபனி இரவில் ரேடியேட்டர் தண்ணீரை முழுதும் வடித்துவிட்டு, வடித்திருக்கிறது என்று ஓர் அட்டையை ஸ்டியரிங்கில் தொங்கவிடுவார்கள். மறுநாள் அதை மறந்து கிளப்பியவர் எஞ்சினையே பாழாக்கியதற்கான தண்டனையை ஏற்க வேண்டும்.

அணிவகுப்பாகப் போகும்போது முதல் வண்டியில் நீலக் கொடி, கடைசி வண்டியில் பச்சைக் கொடி. இரவில் விளக்கில்லாமல் ஓட்டும் பயிற்சியில், முன்னால் போகும் லாரியின் பின் ஆக்சிலின் நடுவே வெள்ளையடித்த டிஃபரன்ஷியல் என்ற உருண்டைப் பெட்டி மீது விழும் சிறு விளக்கொளி ஒன்றுதான் வழிகாட்டி. அது தெரியும் தூரத்திலேயே தொடர வேண்டும். விளக்கணைத்த போர்க்கால இரவுகளில் வளர்ந்த பிள்ளைகள் பதினெட்டு வயதில் மீண்டும் இருட்டில் பயணம் செய்தார்கள்.

ஜெர்மனிக்குப் போனவர்கள் அதைப் பற்றிப் பேச ஏன் தயங்குகிறார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல எனக்குச் சற்று இடம் வேண்டும்.

ஹார்விச் துறைமுகத்தில் கப்பலேறி, ஹாலந்தின் ஹுக் துறையில் இறங்கி, ராணுவ ரயிலில் ஜெர்மனிக்குள் போவார்கள். அங்கே சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஸ்டியரிங்கோ பிரிட்டிஷ் முறைப்படி வலப்பக்கமே இருக்கும். முன்னால் போகும் வண்டியைத் தாண்ட வேண்டுமானால் இடப்பக்கம் அமர்ந்திருக்கும் துணை ஆள் எட்டிப் பார்த்து "வா" என்று சொல்ல வேண்டும். ஒருவர் கண்ணை மற்றவர் நம்பி ஓட்டிய இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

சிரிப்பு நிற்கும் இடம் ஹாம்பர்க். 1943 ஜூலை இறுதியில் பிரிட்டிஷ், அமெரிக்க விமானங்கள் அந்த நகரத்தின்மேல் நடத்திய தாக்குதல்களில் தீப்புயல் எழுந்து 35,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். லிவர்பூலும் அண்டை ஊர்களும் போர் முழுவதிலும் இழந்தது சுமார் 4,000 உயிர்கள். குண்டு போட்டவன் ஜெர்மானியன் என்று வெறுத்து வளர்ந்த துறைமுக நகரத்துப் பிள்ளை, பதினெட்டு வயதில் இன்னொரு துறைமுக நகரத்தின் வழியே மூன்று டன் லாரியை ஓட்டிப் போகிறான். 1950களின் தொடக்கத்திலும் அங்கே இடிபாடுகள் முழுவதும் அகற்றப்பட்டிருக்கவில்லை. கூரையற்ற சுவர், மேல்மாடியில் அந்தரத்தில் தொங்கும் குளியல் தொட்டி, செங்கல் குவியலில் விளையாடும் பிள்ளைகள் ஆகிய எல்லாமே அவனுக்குத் தெரிந்தவை. அவனும் அதே வயதில் அப்படிப்பட்ட குவியலில் குண்டுச் சிதறல்களைப் பொறுக்கிப் பள்ளியில் பண்டமாற்று செய்தவன்தான். இதைத் தன் தரப்பு செய்தது என்பதும், தன் தெருவுக்கு நேர்ந்ததைவிட இது பல மடங்கு என்பதும் அவனுக்குக் கண்ணெதிரே தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பி இதைச் சொன்னால் கேட்க ஆள் இருந்திருக்காது; மகனையோ கணவனையோ இழந்தவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருந்தார்கள். எனவே சொல்லாமலே விட்டார்கள். அந்த மௌனத்தைக் கல்நெஞ்சம் என்று நாம் புரிந்துகொள்ளக் கூடாது.

சூயஸ் பகுதியில் என்ன நடந்தது?

எகிப்துடன் செய்த 1936 உடன்படிக்கையின்படி சூயஸ் கால்வாயைக் காக்க பிரிட்டன் அங்கே 10,000 வீரர்களை வைத்திருக்கலாம். 1951 அக்டோபரில் எகிப்து அந்த உடன்படிக்கையை ரத்து செய்தது. அதன்பின் பிரிட்டிஷ் படை சுமார் 80,000 ஆக உயர்ந்தது. முகாம்களில் வேலை செய்த எகிப்தியர்கள் ஆயிரக்கணக்கில் விலகியதால் சரக்கு இறக்குவது முதல் எல்லாம் சிப்பாய்கள் தலையில் விழுந்தது. தங்கள் மண்ணிலிருந்து அந்நியப் படை போக வேண்டும் என்று எகிப்தியர் விரும்பியதில் தவறில்லை. இடையில் மாட்டிக்கொண்டவர்கள், அங்கே போக வேண்டும் என்று கேட்காத பத்தொன்பது வயதுப் பையன்கள். ஓட்டுநர்கள் தனியே போகாமல் ஆயுதக் காவலுடன் அணியாகப் போனார்கள். 1952 ஜனவரி 25 அன்று இஸ்மாயிலியாவில் பிரிட்டிஷ் படை எகிப்தியக் காவலர்களைத் தாக்கிப் பலரைக் கொன்றது. மறுநாள் கெய்ரோ பற்றி எரிந்தது. 1956 ஜூனில் கடைசிப் பிரிட்டிஷ் வீரர்களும் வெளியேறினார்கள். அங்கே பணியாற்றியவர்களுக்குரிய பதக்கப் பட்டையை அரசு 2003இல்தான் ஒப்புக்கொண்டது. உரியவர்கள் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

எல்லோருமே அந்தப் பணியை விரும்பினார்களா?

இல்லை. பூட்ஸைக் கண்ணாடியாகத் தேய்ப்பதும், போர்வையைச் சதுரமாக மடித்துக் காட்டுவதும், காரணமில்லாத வசவும் பலரைக் கசக்க வைத்தன. பலருக்கு வாழ்க்கையிலேயே சலிப்பான காலம் அதுதான். சுமார் 395 பேர் சண்டைகளில் இறந்தார்கள். "அந்தக் காலத்துக் கட்டுப்பாடு இந்தக் காலப் பிள்ளைகளுக்கு வேண்டும்" என்று பேசுபவர்கள் உண்டு. அதை அனுபவித்தவர்களில் பலர் அப்படிச் சொல்வதில்லை.

பணி முடிந்தபின்?

ராணுவத்தில் ஓட்டுநர் தேர்வில் தேறியது வெளியிலும் உரிமம் பெற உதவியது. லிவர்பூலில் அது பேருந்து, பால் வண்டி, சரக்கு லாரி என்று வாழ்நாள் பிழைப்பாயிற்று. இரண்டு ஆண்டு முடிந்தும் மூன்றரை ஆண்டு ரிசர்வில், அதாவது தேவைப்பட்டால் திரும்ப அழைக்கும் பட்டியலில், பெயர் இருக்கும். எகிப்து கால்வாயை நாட்டுடைமையாக்கியதால் எழுந்த 1956 சூயஸ் நெருக்கடியின்போது ரிசர்வில் இருந்த சிலர் வேலையிலிருந்தும் புது மனைவியிடமிருந்தும் மீண்டும் அழைக்கப்பட்டார்கள்.

பேச்சை எப்படித் தொடங்குவது? பழைய பதிவுகள் கிடைக்குமா?

"போர் எப்படி இருந்தது" என்று கேட்காதீர்கள். "என்ன லாரி ஓட்டினீர்கள்" என்று கேளுங்கள். வண்டியின் பெயர் வந்ததும் முகாம், நண்பன், சாலை, ஊர் என்று ஒவ்வொன்றாக வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். ராணுவத்தில் பணியாற்றிய எவருக்கும் முன்னாள் படைவீரர் என்ற சிறு சட்டைச் சின்னத்தை அரசு இலவசமாகத் தருகிறது. கட்டாயப் பணி செய்தவர்களுக்கும் அது உண்டு என்பது குடும்பத்தினருக்கே தெரிவதில்லை.

பணிப் பதிவைப் பெற அவரோ, அவர் அனுமதியுடன் குடும்பத்தினரோ பாதுகாப்பு அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்கலாம். பழைய கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்டு வருவதால் எங்கே கேட்பது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். பெயரும் பிறந்த தேதியும் போதாமல் போனால் தேடுபவருக்குப் பெரிதும் உதவுவது எட்டு இலக்க ராணுவ எண். நேற்றுச் சாப்பிட்டதை மறந்தவர்களும் இந்த எண்ணைத் தடையில்லாமல் சொல்வார்கள். ஒரு நல்ல நாளில் கேட்டு, அவருடைய கோப்பில் எழுதி வைத்துவிடுங்கள்.